புள்ளி ஆபீசுக்கு ரெண்டு நடை

என் அக்காவோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. நான் நாற்பத்தாறு வருடமாக முயன்று பார்த்துவிட்டேன். அவள் கத்த மாட்டாள், கையை ஓங்க மாட்டாள். "எத்தனை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "ரொம்ப நேரமா காத்திருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள், "எத்தனை நிமிஷம்?" என்பாள். "ஊரே சிரிக்குது" என்றால் "எத்தனை பேர்?" என்பாள். அத்தான் நல்ல மனிதர். கல்யாணமான முதல் மாதமே தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார், அதனால் நிம்மதியாக இருக்கிறார்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தெருவுக்கு ஒரே குழாய். காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். குடங்களின் வரிசையைக் காப்பது அக்காவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது. ஒருநாள் அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து எங்கள் குடத்தை இரண்டு இடம் முன்னால் தள்ளி வைத்தேன். அவள் வந்தாள், பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், பழைய இடத்தில்கூட இல்லை, வரிசையின் கடைசியில் வைத்தாள். அன்றைக்கு எங்கள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அம்மா எனக்கு இரண்டு கொடுத்தாள், அவளுக்கும் இரண்டு கொடுத்தாள். "நம்ம குடம்டி அது!" என்று அம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "அதனாலதாம்மா" என்றாள் அக்கா.

இப்படிப்பட்டவளுக்கு அரசாங்கத்தில் தண்ணீர்க் கணக்கு எழுதும் உத்தியோகம் கிடைத்தது. குரங்குக்குக் கள் ஊற்றின மாதிரி என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவளுடைய அறை. ஆறு இரும்பு அலமாரிகள், மண்டலத்துக்கு ஒன்று. ஒரு மேசை, அதன் ஆடுகிற காலுக்கடியில் பழைய படிவங்களை மடித்துச் சொருகியிருப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். நாட்டில் ஒரு வருடத்தில் எடுக்கிற ஒவ்வொரு சொட்டும் எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தினார்கள், பிறகு எங்கே போனது என்று அட்டவணை போடுவது அந்த அறையின் வேலை. ஒரு பக்கம் ஆறு, ஏரி, கிணறு. இன்னொரு பக்கம் வயல், ஆலை, மின்நிலையம், வீடு. கடைசியில் சாக்கடைக்குப் போனது, ஆவியாகப் போனது. ஆறு மண்டலத்துக்கும் தனித்தனி அட்டவணை, ஆறையும் கூட்டினால் நாட்டு அட்டவணை. "வீட்டுல பால் கணக்கு மாதிரிதான்டா. வாங்கினது ஒரு பக்கம், குடிச்சதும் கொட்டினதும் இன்னொரு பக்கம். ரெண்டும் சரியா வரணும்" என்று எனக்கு விளக்கினாள்.

சரியாக வராது. எந்த வருடமும் வந்ததில்லை. அதற்கு அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆலைக்கு மீட்டர் உண்டு, வீட்டுக் குழாய்க்கு மீட்டர் உண்டு, வயலுக்கு மட்டும் கிடையாது. கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளந்து, மொத்தம் இவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடுவார்கள். அதில் தெரிந்த செலவையெல்லாம் கழித்துவிட்டு, எவ்வளவு துண்டு விழுந்தாலும் அதைப் 'பாசனம்' என்ற கட்டத்தில் போட்டு மூடிவிடுவார்கள். அதற்கு அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: "வயல்ல ஊத்து." அட்டவணை சரியாக வரவில்லையா, வயலில் ஊற்று. எந்த விவசாயியும் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து "எனக்கு இவ்வளவு தண்ணி வரலையே" என்று கேட்கப்போவதில்லை.

அக்காவும் பத்தொன்பது வருடம் ஊற்றினாள். நான் மறைக்கப்போவதில்லை, அவளே மறைக்கவில்லை.

அதுவரை அந்த அட்டவணையை யார் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் மேலிடத்தில் யாரோ படித்துவிட்டார்கள். எந்த மண்டலத்தின் பாசனம் இருபத்தெட்டுக் கோடி கிலோலிட்டரைத் தாண்டுகிறதோ, அந்த மண்டலத்துக்குக் கால்வாய் எட்டு மாதத்துக்குப் பதில் ஐந்து மாதம்தான் திறக்கப்படும் என்று உத்தரவு வந்தது. அக்காவின் வரைவு அட்டவணையில் கீழ் மண்டலத்துக்கு எண் முப்பத்தொரு கோடி. கீழ் மண்டலம் முழுக்க வயல். ஐந்து மாதத் தண்ணீரில் ஒரு போகம்கூட முழுதாக வராது. அதே உத்தரவின் அடுத்த பத்தியில், குறைந்த தண்ணீரில் நிறைய உற்பத்தி செய்த மேல் மண்டலத்து ஆலைகளுக்குச் சிக்கனக் கேடயம் என்றும் எழுதியிருந்தது.

அந்த ஆலைகள் நிரப்பி அனுப்பியிருந்த படிவத்தை அக்கா மறுபடி எடுத்துப் பார்த்தாள். உள்ளே எடுத்த தண்ணீர் மூன்று கோடி. சாக்கடைக்கு விட்டது ஆறு கோடியே நாற்பது லட்சம்.

ஒரு சொம்பு குடித்துவிட்டு இரண்டு சொம்பு கக்குகிறவனை அவள் எங்கும் பார்த்ததில்லை. விளக்கம் கேட்டுப் படிவத்தைத் திருப்பி அனுப்பினாள். ஒரு வாரத்தில் புதுப் படிவம் வந்தது: 'தட்டச்சுப் பிழை. சாக்கடைக்கு விட்டது இரண்டு கோடியே நாற்பது லட்சம் என்று படிக்கவும்.' கழிவுநீர் நிலையத்துக்குத் தானே போய் அங்கிருந்த மீட்டரைப் பார்த்தாள். ஆறு கோடியே நாற்பது லட்சம். பழைய படிவத்தையும் புதுப் படிவத்தையும் ஒரே கோப்பில் வைத்துக் கட்டிவிட்டு, மூன்று கோடியே நாற்பது லட்சம் கிலோலிட்டர் எங்கிருந்து முளைத்தது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஏழு வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கீழ் மண்டலத்துக் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு, நெடுஞ்சாலைப் பாலத்தைத் தாண்டி, மேல் மண்டலத்து ஆலைகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுவேன். ஒவ்வொரு நடையையும் நோட்டில் எழுதி வைப்பேன்: தேதி, எந்தக் கிணறு, எந்த வாசல். எழுதாவிட்டால் எங்கள் முதலாளி ஐந்து நடையை நாலு என்று சாதிப்பார். ஓட்டுநர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு நோட்டு உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். என் மனைவி சூடான பாத்திரத்தை வைக்க என் நோட்டை எடுத்து மேசையில் போட்டாள். அக்கா பாத்திரத்தைத் தூக்கிவிட்டு நோட்டை இழுத்தாள்.

"இது என்னடா?"

"நடை நோட்டு."

"நாலு, நாலு, அஞ்சு, நாலு… இது ஒரு நாளைக்கா?"

"பின்ன, ஒரு வருஷத்துக்கா?"

"வண்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"பன்னெண்டாயிரம். ஏழு வருஷமா உனக்குத் தெரியாதா?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. "புள்ளி ஆபீஸ், ரெண்டு நடைன்னு எழுதியிருக்கியே, அது எது?"

"உன் ஆபீஸ்தான். திங்களும் வியாழனும் முதல் நடை, ரெண்டாவது நடை உங்க தொட்டிக்குத்தான். குழாயில தண்ணி வந்து எத்தனை வருஷம் ஆச்சு? நீ கை கழுவற தண்ணி நான் கொண்டு வந்து ஊத்தினது."

அவள் கையில் இருந்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர்களுடைய படிவத்தில் இரண்டே கட்டம்: குழாய், சொந்தக் கிணறு. லாரி என்று ஒரு கட்டமே கிடையாது. தன் அலுவலகத்துப் படிவத்தை வருடா வருடம் நிரப்பியதும் அவள்தான், 'குழாய்' என்றே நிரப்பியிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே தம்பி தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, உள்ளே அக்கா காணாமல்போன தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதேதான்.

"எனக்குத் தெரியும்டா. நீ லாரி ஓட்டறது தெரியும், தொட்டி ரொம்பறதும் தெரியும். படிவத்துல இல்லாததால கண்ணுல படல" என்றாள். அக்காவின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

உடனே அவளுக்குப் பெருக்கல் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு நடை, வருடத்துக்கு முந்நூறு நாள், ஒரு லாரிக்குப் பதினாலாயிரத்து நானூறு கிலோலிட்டர். வாகனப் பதிவு அலுவலகத்தில் நாலாயிரம் தண்ணீர் லாரி பதிவாகியிருக்கிறது. ஐந்தே முக்கால் கோடி. அத்தனையும் கீழ் மண்டலத்துக் கிணறுகளில் ஏறி மேல் மண்டலத்தில் இறங்குகிறது. கிணறு விவசாயி பேரில் இருப்பதால், அத்தனையையும் பாசனம் என்று வயலில் ஊற்றியிருக்கிறார்கள். கழித்தால் கீழ் மண்டலத்துப் பாசனம் இருபத்தைந்தே கால் கோடி. கால்வாயைக் குறைக்க வழியே இல்லை.

அவள் கண் மின்னியது. நான் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீ இதை எழுதினா அடுத்து என்ன நடக்கும்? லாரிக்கு உரிமம், கிணத்துக்கு மீட்டர், பாலத்துல தடுப்பு. நான் என்ன செய்யறது? என் பிழைப்புல மண்ணைப் போடாதே, அக்கா."

"மூணு மாசக் கால்வாய் போனா எத்தனை பேர் பிழைப்பு போகும் தெரியுமா?"

"எத்தனை, எத்தனை, எத்தனை! எனக்கு ஒண்ணுதான் தெரியும். ஒரு வீடு. இந்த வீடு."

என் மனைவி குறுக்கே வந்தாள். "முதல்ல சாப்பிடுங்க ரெண்டு பேரும். தண்ணி எங்கயும் ஓடிடாது" என்றாள். அது ஓடிக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா நோட்டைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

அடுத்த நாளே அவள் பதினோரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கீழ் மண்டலத்துக் கிணற்றடிக்கு வந்து உட்கார்ந்தாள். நாங்கள் லாரி நிரப்பும் அதே கிணறு. ஒரு கையில் குடை, மடியில் காகிதம். லாரி வந்தால் ஒரு கோடு, ஐந்தாவது லாரிக்குக் குறுக்குக் கோடு. ஓட்டுநர்கள் முதலில் அவளைப் போலீஸ் என்று நினைத்தார்கள், பிறகு பைத்தியம் என்று நினைத்தார்கள். மூன்றாவது நாள் 'எத்தனையம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "எத்தனையம்மா, தள்ளி உக்காருங்க, குழாய் பீச்சி அடிக்கும்" என்று அக்கறையாகச் சொல்கிற அளவுக்குப் போய்விட்டது. நான் மட்டும் அவளைத் தெரியாதவன் மாதிரி வரிசையில் நின்றேன்.

கிணற்றுக்காரர் அறுபது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஒருநாள் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அக்கா அவரிடம் கேட்டாள்.

"பயிருக்கு ஊத்தாம லாரிக்கு ஏன் ஊத்தறீங்க, ஐயா?"

"ஆசையாம்மா எனக்கு? முன்னாடி கால்வாய் பத்து மாசம் வந்துச்சு. ஆறு வருஷம் முன்னாடி எட்டாக்கிட்டாங்க. ரெண்டாவது போகம் போச்சு. கிணத்துத் தண்ணி மட்டும் வெச்சு எத்தனை வயலை நனைக்கிறது? சும்மா கெடக்கறதுக்கு லாரிக்காவது போகட்டும்னு விட்டேன்."

"எதுக்கு எட்டாக்கினாங்க?"

"நாங்க தண்ணிய வீணாக்கறோமாம். ஏதோ கணக்குல வந்துச்சாம்."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். "அந்தக் கணக்கை எழுதினது நான்தான்" என்றாள்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "அப்ப இந்தத் தடவை சரியா எழுதும்மா" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். கால்வாயைக் குறைத்ததால் லாரிக்கு ஊற்றுகிறார், லாரிக்கு ஊற்றியதை வயல் என்று எழுதி மறுபடி கால்வாயைக் குறைக்கப்போகிறார்கள். படிக்காத எனக்கே அந்த இடத்தில் அது உறைத்தது. அக்கா முகத்தைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு, அடுத்த லாரிக்குக் கோடு போட்டாள்.

பதினோராவது நாள் ஓட்டுநர்களிடம் நோட்டுகளைக் கேட்டாள். முப்பத்தொரு பேர் கொடுத்தார்கள். அவர்கள் எழுதியதை முதலாளிகூட மதித்ததில்லை. ஒரு பெரிய ஆபீஸ்காரி கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் "பேரு மட்டும் வேணாம் எத்தனையம்மா" என்றார்கள். முப்பத்தொரு பேர் கொடுத்தார்கள், கூடப் பிறந்தவன் கொடுக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. கூப்பிட்டு நிறுத்திவைத்துச் சொன்னார்: "உன் அக்காவை அடக்கி வை. இல்லேன்னா சாவியை வெச்சுட்டு நடையைக் கட்டு." என் அக்காவை அடக்குவதாம்! எங்கள் அம்மாவாலேயே முடியவில்லை.

அட்டவணையை முடிவு செய்யும் கூட்டம் ஒரு வியாழக்கிழமை. வியாழன் என் முதல் நடை புள்ளி ஆபீசுக்கு. நான் தொட்டியில் குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மூன்று மாடி இறங்கி வந்தாள். செருப்போடு தண்ணீரில் நின்றாள்.

"பதினோரு மணிக்குக் கூட்டம். அட்டவணையில புதுசா ஒரு வரிசை சேர்க்கணும்னா, தகவல் கொடுத்த ஒரு ஆளாவது பேரோட கையெழுத்துப் போடணும். விதி அப்படி. என்கிட்ட முப்பத்தொரு நோட்டு இருக்கு, ஒரு கையெழுத்து இல்ல."

நான் குழாயை இன்னும் இறுக்கி மாட்டினேன்.

"உன்னைக் கெஞ்ச வரல. கேக்க வந்தேன்."

"முடியாது, அக்கா."

"சரி" என்றாள். அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை, முறைப்பு இல்லை. ஈரச் செருப்போடு படியேறிப் போனாள். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அப்படி எரிந்திருக்காது.

இரண்டாவது நடையும் ஊற்றி முடித்த பிறகு சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போடுகிற அலுவலக உதவியாளர் மேலே கூட்டத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். அதனால் சீட்டும் நோட்டும் சட்டைப்பையில் இருக்க, மூன்றாவது மாடிக்கு ஏறினேன். வேறு எந்த நல்ல எண்ணத்தோடும் ஏறவில்லை. கூட்ட அறையின் கதவு பாதி திறந்திருந்தது.

நீள மேசை. நடுவில் இயக்குநர், இரண்டு பக்கமும் அதிகாரிகள், மூலையில் ஆலைகள் சங்கத்துக்காரர் ஒருவர். அக்கா ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள்.

"பாருங்கம்மா," இயக்குநர் பொறுமையாகப் பேசினார், "நாட்டு அட்டவணையில எந்த வித்தியாசமும் வராது. மொத்தம் மொத்தம்தான். ஒரு கட்டத்துல இருந்து இன்னொரு கட்டத்துக்கு மாத்தறதுக்கா இவ்வளவு ரகளை?"

"நாட்டுக்கு வித்தியாசம் இல்ல சார். கீழ் மண்டலத்துக்கு மூணு மாசத் தண்ணி வித்தியாசம்."

"எப்பவும் போல வயல்ல ஊத்திட்டுக் கையெழுத்துப் போடுங்க. அச்சுக்குப் போகணும்."

"பத்தொன்பது வருஷம் ஊத்தினேன் சார். ஒரு நாத்துகூட முளைக்கல."

யாரோ சிரித்து, உடனே இருமினார்கள். அக்கா இரண்டு படிவத்தையும் மேசையில் வைத்தாள், பக்கத்தில் கழிவுநீர் நிலையத்தின் மீட்டர் சீட்டை வைத்தாள். "மூணு கோடி எடுத்து ஆறு கோடியே நாப்பது லட்சம் வெளிய விட்டிருக்காங்க. நான் கேட்டதும் தட்டச்சுப் பிழைன்னாங்க. மீட்டருக்கும் தட்டச்சுப் பிழை வருமா சார்? மீதித் தண்ணி லாரியில போச்சு. இதோ, ஓட்டுநருங்க நோட்டு."

சங்கத்துக்காரர் நோட்டு ஒன்றை விரல் நுனியால் தள்ளினார். "லாரிக்காரன் நோட்டெல்லாம் ஒரு ஆதாரமா? வாயில வந்ததை எழுதுவான். பேரும் இல்ல, ஊரும் இல்ல. குப்பை."

குப்பையாம். வெயிலில் வண்டிக்கடியில் உட்கார்ந்து, கை ஈரம் காய்வதற்குள் எழுதியது. எங்கள் முதலாளியோடு நடைக்கு நடை மல்லுக்கு நின்று காப்பாற்றியது. பிழைப்பு, உரிமம், பாலத்துத் தடுப்பு, எல்லாம் எனக்கு மறந்துபோனது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பளபளவென்ற தரையில் என் கால் சுவடு ஈரமாக விழுந்தது.

"யாருப்பா நீ?" என்றார் இயக்குநர்.

"வாயில வந்ததை எழுதறவன் சார்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்து இயக்குநர் முன்னால் வைத்தேன். "ஒரு நாளைச் சொல்லுங்க. நான் படிக்கிறேன். பொய்யா நிஜமான்னு நீங்களே விசாரிச்சுக்குங்க."

அவர் என்னை அனுப்பிவிடத்தான் நினைத்தார். என்ன தோன்றியதோ, "போன வியாழன்" என்றார்.

நோட்டைத் திருப்பிப் படித்தேன். "வியாழன். முதல் நடை, ரெண்டாவது நடை: புள்ளி ஆபீஸ். அப்புறம் ரெண்டு நடை சாயப்பட்டறை வாசல்."

"புள்ளி ஆபீஸா? அது எங்க இருக்கு?"

"இதுதான் சார்" என்றது ஒரு குரல். அலுவலக உதவியாளர், கையில் தண்ணீர்த் தட்டோடு நின்றார். "ரெண்டு நடைதான். நான்தான் சீட்டுல கையெழுத்துப் போட்டேன். இன்னைக்கும் ரெண்டு ஊத்தியாச்சு." அவர் பாவம், உதவி செய்வதாக நினைத்து, இயக்குநர் முன்னால் இருந்த காலி டம்ளரை மறுபடி நிரப்பினார்.

எல்லோரும் அந்த டம்ளரைப் பார்த்தார்கள்.

"அது கீழ் மண்டலத்துக் கிணறு சார்," என்றாள் அக்கா. "நம்ம அட்டவணைப்படி அது இப்ப ஒரு வயல்ல பாய்ஞ்சிட்டிருக்கு. இந்த ஆபீஸ் படிவத்துல லாரின்னு ஒரு சொட்டுகூட இல்ல. அதை நிரப்பினவளும் நான்தான். மத்தவங்க தப்பை மட்டும் சொல்ல வரல. என் தப்பையும் சேர்த்துத் திருத்தத்தான் இங்க நிக்கறேன். திருத்த விடலேன்னா கையெழுத்துப் போட வேற ஆளைப் பாருங்க. என் பேர் இந்தப் பொய்க்கடியில வராது."

அந்த அறையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, ஒற்றைப் பெண்ணாக நின்று இதைச் சொன்னாள். குழாயடியில் எங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிக்கு நடந்த அந்தப் பத்து வயதுப் பெண்ணை அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே புரிந்தது. இந்தத் தடவை அந்தக் குடத்தை நானே தூக்கிவிடலாம் என்று தோன்றியது.

"எங்க போடணும் கையெழுத்து?" என்று கேட்டேன்.

படிவத்தை அக்கா என் பக்கம் நகர்த்தினாள். பேரை முழுதாக எழுதி, முகவரி எழுதி, வண்டி எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து மை கொஞ்சம் பரவியது. "பரவாயில்ல, படிக்க முடியுது" என்றாள் அக்கா.

விதிப்படி எல்லாம் வந்துவிட்டதால் இயக்குநரால் மறுக்க முடியவில்லை. லாரித் தண்ணீருக்கு அட்டவணையில் புது வரிசை வந்தது. ஆனாலும் இன்னும் நாற்பது லட்சம் கிலோலிட்டர் துண்டு விழுந்தது. "இதையாவது வயல்ல ஊத்தலாமா?" என்று அவர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"வேணாம் சார். தெரியலேன்னா தெரியலேன்னே எழுதுவோம்."

அப்படியே அச்சானது: 'எங்கே போனது என்று தெரியாதது: நாற்பது லட்சம்.' ஓர் அரசாங்கப் புத்தகத்தில் தெரியாது என்று ஒப்புக்கொண்ட வரியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் காலை முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். நானே மேசையில் வைத்துவிட்டு, "அஞ்சு நடையை நாலுன்னு சொன்னதெல்லாம் இப்ப சர்க்கார் கணக்குல அஞ்சுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "கையெழுத்துப் போட்டதுதான் போட்டீங்க, நல்ல எழுத்தா போட்டீங்களா?" என்று கேட்டாள். சிக்கனக் கேடயம் சத்தமில்லாமல் நின்றுபோனது. அக்காவை மூன்றாவது மாடியிலிருந்து கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்தார்கள். அந்த அறை ஜன்னலிலிருந்து லாரி நுழைகிற வாசல் நேராகத் தெரிகிறது. அவள் அங்கே உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் ஐந்து மாதம் அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் பால் லாரி ஓட்டச் சேர்ந்தேன். கால்வாய் திறந்த ஆறாவது மாதம் ஒருநாள் பாலத்தைக் கடக்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கால்வாய் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் இரண்டே லாரிகள் நின்றன. கிணற்றுக்காரர் வயலில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, வண்டியை அடையாளம் தெரியாமல், யாரோ என்று கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அச்சான புத்தகத்தோடு வந்தாள். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆதாரங்களின் பட்டியல். அதில் ஒரு வரி: 'ஓட்டுநர் நடைக் குறிப்பேடுகள், முப்பத்திரண்டு.' அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தேன். அக்கா கவனிக்காத மாதிரி தண்ணீர் குடித்தாள்.

குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏன்டா, பால் லாரியை உள்ள கழுவுவாங்க இல்ல? ஒரு நாளைக்கு…"

அவள் முடிப்பதற்குள் நான் எழுந்து அலமாரியிலிருந்து புது நோட்டை எடுத்து அவள் முன்னால் போட்டேன். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து எழுதியது. எந்த இடத்தில் கழுவினோம், எத்தனை தடவை, எத்தனை லிட்டர்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"எத்தனைன்னுதானே கேக்கப்போறே? எல்லாம் உள்ள இருக்கு."

அக்கா நோட்டைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் வேறொன்றும் இல்லை, என் பேரும் கையெழுத்தும் மட்டும் இருந்தன.